அடிக்கும் அடிக்கும் நடுவே: வீட்டு இசைக்கூடத்தில் டிரம் மென்பொருள்

வீட்டிலிருந்தே பாட்டு செய்கிறவர்களுக்குக் கடைசிவரை வசப்படாமல் இருந்த வாத்தியம் டிரம்ஸ்தான். ஒரு நல்ல மைக்கும் எதிரொலி அடங்கிய ஓர் அறையும் இருந்தால் குரலைப் பதிந்துவிடலாம். கிட்டாரை நேராகக் கணினியோடு இணைத்துவிடலாம். டிரம்ஸ் இதற்கெல்லாம் இணங்காது. கிக், ஸ்நேர், இரண்டு மூன்று டாம்கள், ஹை-ஹாட், சிம்பல்கள் என்று ஓர் ஆளின் இரு கைக்கும் இரு காலுக்கும் எட்டும்படி பரப்பிவைத்த அந்தத் தொகுதியை ஒழுங்காகப் பதிய எட்டுப் பத்து மைக்குகள் வேண்டும். உயரமான கூரையுள்ள அறை வேண்டும். முகம் சுளிக்காத அண்டைவீட்டார் வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பில் இந்த மூன்றும் சேர்ந்து அமைவதில்லை.

அந்த இடத்தை நிரப்ப வந்தவை டிரம் சாம்பிள் மென்பொருள்கள். தேர்ந்த டிரம்மர் ஒருவர் நல்ல ஸ்டுடியோவில் அடித்த ஒவ்வோர் அடியையும் தனித்தனியே பதிந்து, கீபோர்டிலோ பேடிலோ தட்டினால் ஒலிக்கும்படி அடுக்கித் தருகின்றன. இலவசமாகக் கிடைப்பவை முதல் தனி ஹார்ட் டிஸ்க் கேட்பவை வரை இன்று ஏராளம். எது சிறந்தது என்ற பேச்சு பெரும்பாலும் அளவைச் சுற்றியே நடக்கிறது: எத்தனை ஜிபி, எத்தனை கிட், எத்தனை மைக். ஒற்றை அடியைத் துல்லியமாகப் பதியும் போட்டி எப்போதோ முடிந்துவிட்டது என்பது என் கணிப்பு. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் உள்ள உறவை மென்பொருள் எப்படிக் கையாளுகிறது என்பதுதான் இனி பார்க்க வேண்டியது. இந்தத் துறையின் நாற்பதாண்டுக் கதையையே அந்த உறவைத் தேடிய கதையாகப் படிக்கலாம்.

1980-இல் அமெரிக்கரான ரோஜர் லின் எல்எம்-1 என்ற இயந்திரத்தைக் கொண்டுவந்தார். உண்மையான டிரம்ஸின் ஒலியை டிஜிட்டலாகப் பதிந்து வாசித்த முதல் ரிதம் இயந்திரம் அது. 8 பிட் ஆழம், 28 கிலோஹெர்ட்ஸ் வேகம், விலை ஏறக்குறைய 5,000 டாலர். மொத்தம் ஐந்நூற்றுச் சொச்சம்தான் தயாரானது. அதில் கிராஷ் சிம்பலும் ரைட் சிம்பலும் இல்லை. அன்று நினைவகச் சில்லுகள் கடும் விலை. பல விநாடிகள் ஒலித்து மெல்ல அடங்கும் உலோகத்துக்கு அதில் இடம் ஒதுக்கக் கட்டுப்படியாகவில்லை. 1982-இல் வந்த லின்டிரம்மில்தான் சிம்பல் சேர்ந்தது. பிரின்ஸ் தன் எண்பதுகளின் ஆல்பங்களில் எல்எம்-1-ஐ விடாமல் பயன்படுத்தினார். டிரம் ஒலியைச் சுருதி மாற்றியும் எஃபெக்ட் பெடல்களின் வழியே அனுப்பியும் தனக்கென ஒரு நாதத்தை அதிலிருந்து எடுத்தார். அதே 1980-இல் ரோலண்ட் வெளியிட்ட டிஆர்-808-இல் சாம்பிளே கிடையாது, எல்லாம் மின்சுற்றில் பிறந்த ஒலி. நிஜ டிரம்ஸைப் போல அது ஒலிக்கவில்லை என்று அன்று பலர் ஒதுக்கினார்கள். 1983-இல் தயாரிப்பு நின்ற பிறகு, பழைய பொருள் கடைகளில் மலிவாகக் கிடைத்த அந்த இயந்திரத்தை ஹிப்-ஹாப் இளைஞர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதன் நீண்டு அதிரும் கிக் இன்றும் சினிமாப் பாட்டு வரை கேட்கிறது. பிரதி எடுக்கத் தவறிய இயந்திரம் தனி வாத்தியமாகவே நிலைத்துவிட்டது.

பிறகு சாம்பிளர்கள் வந்தன. 1987-இன் ஈ-மு எஸ்பி-1200 மொத்தமாகப் பத்து விநாடிதான் பதியும். அந்தப் பத்து விநாடிக்குள் அதிகம் அடைக்க, 33 வேகத்தில் சுழலவேண்டிய ரெக்கார்டை 45-இல் சுழலவிட்டுப் பதிந்து, பிறகு இயந்திரத்துக்குள் வேகத்தைக் குறைப்பார்கள். அதனால் ஒலியில் படிந்த கரகரப்பே அந்தக் காலத்து ஹிப்-ஹாப்பின் அடையாளமானது. 1988-இல் ரோஜர் லின் வடிவமைத்த அகாய் எம்பிசி-60, நான்குக்கு நான்காகப் பதினாறு பேடுகளை விரலுக்கடியில் வைத்தது. இன்றைக்குக் கடையில் வாங்கும் விரல் பேடுகள் பலவற்றிலும் அந்த அமைப்பே இருக்கிறது.

சாம்பிள் எடுப்பதில் அப்போதே இரண்டு வழிகள் பிரிந்துவிட்டன. ஒன்று, அடி அடியாகப் பிரித்து எடுப்பது. மற்றது, ஒரு டிரம்மர் வாசித்த வாக்கியத்தை முழுசாக வெட்டி எடுப்பது. இரண்டாவது வழியின் மிகப் பெரிய சான்று, 1969-இல் தி வின்ஸ்டன்ஸ் குழுவின் 'ஆமென், பிரதர்' பாட்டில் கிரெகரி கோல்மன் தனியாக வாசித்த நான்கு சுற்றுகள். ஏழு விநாடிக்குள் முடியும் அந்தத் துண்டு ஆயிரக்கணக்கான பாடல்களில் வெட்டப்பட்டு, வேகம் கூட்டப்பட்டு, துண்டாடி மறுபடி அடுக்கப்பட்டு வந்திருக்கிறது. ஜங்கிள், டிரம் அண்ட் பேஸ் என்ற வகைகள் பெருமளவும் அதன் மேல் எழுந்தவை. அந்த ஏழு விநாடியில் தனித்த அடி ஒவ்வொன்றும் சாதாரணமானதுதான். ஸ்நேரின் மெல்லிய உதிரி அடிகள் அடுத்த பெரிய அடியை எப்படித் தூக்கிவிடுகின்றன, ரைட் சிம்பலின் ரீங்காரம் எல்லாவற்றையும் எப்படி ஒட்டவைக்கிறது என்பதில் இருக்கிறது அதன் உயிர். வாக்கியமாக வெட்டியதால் அந்த உறவும் கூடவே வந்தது. கோல்மனுக்கு இதற்காக ஒரு காசும் வரவில்லை. 2006-இல் வீடில்லாத மனிதராக இறந்தார். ஜேம்ஸ் பிரௌனின் 'ஃபங்கி டிரம்மர்' பாட்டில் வாசித்த கிளைட் ஸ்டபில்ஃபீல்டின் வாசிப்பும் அப்படியே எண்ணற்ற பாடல்களுக்குள் போனது. பாட்டின் உரிமை அவரிடம் இல்லை. டிரம் மென்பொருள்களுக்கு நாம் கொடுக்க வேண்டிய மரியாதைகளில் ஒன்று, இந்த அநியாயத்தை அவை ஓரளவு சரிசெய்தன என்பது. அவற்றில் வாசித்த டிரம்மர் முன்கூட்டி ஒப்புக்கொண்டு, கூலி வாங்கி, பெயர் போட்டு வாசிக்கிறார். நாம் அதை நம் பாட்டில் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம். சாம்பிள்களையே எடுத்துத் தனியாக விற்கத்தான் கூடாது.

கணினிக்குள் டிரம்ஸ் நுழைந்த கதை விரைவாகச் சொல்லக்கூடியது. 1996-இல் ஸ்டைன்பெர்க் நிறுவனம் விஎஸ்டி என்ற பிளக்-இன் முறையைத் தந்தது. 1999-இல் அதில் வாத்தியங்களும் இயங்கத் தொடங்கின. 1998-இன் கிகாசாம்பிளர், ஒலியை முழுதும் நினைவகத்தில் ஏற்றாமல் ஹார்ட் டிஸ்கிலிருந்தே ஓடவிடும் வித்தையைக் காட்டியது. லின் சந்தித்த சிம்பல் தடை அன்றோடு உடைந்தது. லண்டனிலிருந்து எஃப்எக்ஸ்பான்ஷனின் பிஎஃப்டி 2003-இல் வந்தது. சுவீடனின் டூன்டிராக் முதலில் மெஷுகா என்ற மெட்டல் குழுவின் டிரம்மர் தாமஸ் ஹாக்கேயின் வாசிப்பைப் பதிந்து 'டிரம்கிட் ஃப்ரம் ஹெல்' என்ற தொகுப்பை விற்றது. 2006-இல் ஈஸிடிரம்மரைக் கொண்டுவந்தது. அதற்கு முன்பே, 2005-இல், மெஷுகா தன் 'கேட்ச் தர்ட்டித்ரீ' ஆல்பத்தின் டிரம்ஸையே 'டிரம்கிட் ஃப்ரம் ஹெல்' சாம்பிள்களால் அமைத்தது. உலகின் தலைசிறந்த மெட்டல் டிரம்மர்களில் ஒருவரை வைத்துக்கொண்டிருக்கும் குழு மென்பொருளை நாடியது பலரை வியக்கவைத்தது. மெட்டல் இசை ஒரே சீரான, இரும்பு போன்ற அடியை விரும்பும். அந்த இசைக்கு மென்பொருளின் குறையே குணமாகப் பொருந்திவிடும். 2017-இன் சுப்பீரியர் டிரம்மர் 3, பெல்ஜியத்தின் கேலக்ஸி ஸ்டுடியோவில் ஜார்ஜ் மாசன்பர்க் பதிந்தது. முழுத் தொகுப்பு சுமார் 230 ஜிபி.

இவ்வளவு இடம் எதற்கு? ஒரு சிம்பல் அடி பதினைந்து விநாடி ஒலிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 24 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், ஸ்டீரியோ என்றால் அது 4 எம்பி. மெல்லிய தொடலிலிருந்து முழு வீச்சு வரை பத்து அழுத்தங்களில் அடிக்கவேண்டும். ஒவ்வோர் அழுத்தத்திலும் ஐந்துமுறை அடிக்கவேண்டும். ஆறு மைக் ஜோடிகளில் பதியவேண்டும். ஒரே ஒரு சிம்பலுக்கு 1.2 ஜிபி ஆகிவிடுகிறது. விளம்பரத்தில் பெரிதாகத் தெரியும் எண் இப்படிப் பெருகியதுதான்.

அந்தப் பெருக்கத்தில் ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரு நியாயம் உண்டு. மிடி முறையில் அழுத்தம் 127 வரை படிகளாகப் பதிவாகிறது. ஒரே சாம்பிளைச் சத்தம் கூட்டிக் குறைத்து இந்தப் படிகளை நிரப்பினால் காது ஏமாறாது, ஏனெனில் பலமாக அடிபட்ட தோல் சத்தத்தில் மட்டுமல்ல, நிறத்திலும் மாறுகிறது. அதனால்தான் அழுத்தத்துக்கு ஒரு தனிப்பதிவு. ஒரே பதிவு திரும்பத் திரும்ப வந்தால், ஸ்நேர் உருட்டலில் அது மெஷின் கன் போலச் சடசடக்கும். அதைத் தவிர்க்க ஒரே அழுத்தத்தின் பல பதிவுகளைச் சுழற்றித் தருவார்கள். ரவுண்ட் ராபின் என்பது அதுதான். அடுத்தது கசிவு. கிக்கை மிதித்தால் ஸ்நேரின் அடியிலுள்ள கம்பிச்சுருள் கிசுகிசுக்கும். டாமின் மைக்கில் சிம்பல் கேட்கும். ஒவ்வொரு துண்டையும் சுத்தமாகத் தனியே பதிந்தவை செத்துக் கிடக்க, இந்தக் கசிவைச் சேர்த்தவை ஒரே அறையில் ஒரே ஆள் வாசிப்பதாக ஒலிக்கின்றன. உறவு என்று நான் சொல்வதன் முதல் வடிவம் இந்தக் கசிவு. ஹை-ஹாட்தான் இன்னும் கடினம். காலால் மிதிக்கும் அந்த ஜோடித் தட்டுகள் முழுக்க மூடியதிலிருந்து முழுக்கத் திறந்தது வரை எந்த இடைவெளியிலும் நிற்கலாம். மலிவான தொகுப்புகளில் மூடியது, திறந்தது என இரண்டே நிலைகள். நல்ல தொகுப்பை அடையாளம் காண எனக்கு ஒரே சோதனை போதும்: ஹை-ஹாட்டை மட்டும் வைத்து, அரைகுறையாகத் திறந்துமூடி, எட்டுச் சுற்று வாசித்துக் கேட்பது.

ஆனாலும் எத்தனை ஜிபி சேர்த்தாலும் தீராத ஒரு சிக்கல் சாம்பிள் முறையின் அடியிலேயே இருக்கிறது. ஸ்டுடியோவில் அந்த அடிகளைப் பதியும்போது, முந்தைய ஒலி முழுக்க அடங்கும்வரை காத்திருந்து அடுத்ததை அடிக்கிறார்கள். ஆகவே தொகுப்பிலுள்ள எல்லா அடிகளும் ஓய்ந்துகிடந்த தோலின் மீதும் அசையாத உலோகத்தின் மீதும் விழுந்தவை. நிஜ வாசிப்பில் அப்படி நடப்பது முதல் அடியில் மட்டும். இரண்டாம் அடி, ஏற்கெனவே அதிர்ந்துகொண்டிருக்கும் பரப்பில் விழுகிறது. அந்த அதிர்வைக் கூட்டும், சிதைக்கும், சில சமயம் அடக்கும். சாம்பிளர் செய்வதோ ஒரு முழு ஒலியின் மேல் இன்னொரு முழு ஒலியை ஏற்றுவது. சிம்பலில் மெல்லத் தொடங்கி அலையாக எழும்பும் உருட்டலை வாசித்துப் பார்த்தால் உடனே பிடிபட்டுவிடும். அதனால் சிலர் பதிவை விட்டுவிட்டுக் கணிதத்தின் பக்கம் போனார்கள். ஐகே மல்டிமீடியாவின் மோடோ டிரம் தோலின் அதிர்வைக் கணக்கிட்டே உண்டாக்குகிறது. சிம்பலுக்கு மட்டும் அதுவும் சாம்பிளையே நம்புகிறது. உலோகத்தின் ஆட்டம் அவ்வளவு சிக்கலானது.

அடியின் காலமும் உறவுதான். மென்பொருளில் வாசித்ததைக் கட்டத்துக்குள் நேராக்கும் குவான்டைஸ் பொத்தானை அழுத்தினால் எல்லா அடியும் மில்லிவிநாடி பிசகாமல் நிற்கும், பாட்டு விறைத்துவிடும். இதற்கு மருந்தாக 'ஹியூமனைஸ்' என்ற பொத்தானைத் தருகிறார்கள். அது பெரும்பாலும் ஒவ்வோர் அடியையும் தற்செயலாக முன்பின் நகர்த்துகிறது. ஜெர்மனியின் கோட்டிங்கனில் மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வு இதன் போதாமையைக் காட்டியது. மனிதர் வாசிப்பில் உள்ள நேரப் பிசகுகள் தற்செயலானவை அல்ல. இப்போதைய பிசகு வெகுநேரம் முன்னால் நடந்த பிசகோடும் தொடர்புடையது. அப்படித் தொடர்புள்ள பிசகுகளைச் சேர்த்த இசையையே, வெறும் தற்செயல் பிசகு சேர்த்ததைவிடக் கேட்டவர்கள் விரும்பினார்கள். மனிதத்தன்மையைப் பொத்தானால் தெளிக்க முடியாது. வாசித்தால்தான் வரும்.

ஆகவே வீட்டு இசைக்காரருக்கு நான் சொல்லும் முதல் யோசனை, மௌஸால் புள்ளி வைப்பதைக் குறைத்துக்கொண்டு கையால் வாசிக்கப் பழகுவது. இரண்டு விரல் போதும். கிக்கும் ஸ்நேரும் ஒருமுறை, ஹை-ஹாட் அடுத்தமுறை, டாமும் சிம்பலும் கடைசியில் என அடுக்கடுக்காக வாசித்துச் சேர்க்கலாம். இதற்குத் தடையாக நிற்பது தாமதம். தட்டியதற்கும் கேட்பதற்கும் இடையிலான அந்த லேட்டன்சியை ஆடியோ இன்டர்ஃபேஸின் பஃபர் அளவு தீர்மானிக்கிறது. 256 சாம்பிள் என்றால் சுமார் 6 மில்லிவிநாடி. டிரம்ஸிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்து கேட்கும் அளவு. இன்டர்ஃபேஸும் தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கும். வாசிக்கும்போது பஃபரை 128-க்குக் குறைத்துக்கொண்டு, மிக்ஸ் செய்யும்போது 512-க்கு ஏற்றிவிடுவது நல்லது. கணினிக்குள் இருக்கும் சாதாரண சவுண்ட் கார்டில் விண்டோஸின் பொது டிரைவரை நம்பி வாசிக்க முயன்று, தமக்குத் தாளமே வராது என்று மனம் தளர்ந்தவர்கள் உண்டு. பிழை அவர்கள் கையில் இல்லை.

எதை வாங்குவது? வாங்காமலே தொடங்கலாம். எம்டி பவர் டிரம் கிட், ஸ்டீவன் ஸ்லேட்டின் எஸ்எஸ்டி 5 இலவசப் பதிப்பு ஆகியவை பாட்டு வெளியிடும் தரத்தில் ஒலிப்பவை. லினக்ஸ் பயன்படுத்துகிறவர்களுக்கு ஹைட்ரஜனும் டிரம்கிஸ்மோவும் இருக்கின்றன. டிரம்கிஸ்மோ கசிவையும் சேர்த்தே பதிந்த கிட்களைக் கட்டணமின்றித் தருகிறது. ஆப்பிள் கணினி வைத்திருப்பவர்களுக்கு கராஜ்பேண்டிலேயே நல்ல டிரம்ஸ் உண்டு. அதிலுள்ள தானியங்கி டிரம்மர் நம் பாட்டைப் பின்தொடர்ந்து தானே வாசிப்பது பாட்டு எழுதும் நேரத்தில் பெரிய துணை. முடிந்த பாட்டில் அதை அப்படியே விட்டுவைப்பதை நான் ஆதரிக்கமாட்டேன். அது வாசிக்கும் இடைநிரப்பு ஃபில்களை உலகமே கேட்டிருக்கிறது. காசு கொடுப்பதென்றால், பாட்டு எழுதுபவருக்கு ஈஸிடிரம்மரோ அடிக்டிவ் டிரம்ஸோ போதுமானது. இவை ஓரளவு மிக்ஸ் செய்யப்பட்ட நிலையிலேயே வருவதால் உடனே பாட்டில் பொருந்திவிடும். சுப்பீரியரும் பிஎஃப்டியும் மைக் மைக்காகப் பிரித்துக் கொடுக்கும் சமைக்காத பொருள். டிரம்ஸ் மிக்ஸ் செய்யக் கற்க விரும்புவோருக்கு அவற்றைவிட நல்ல பள்ளி இல்லை, மற்றவர்களுக்குச் சுமை. திருட்டுப் பதிப்புகள் கணினிக்குள் எதைக் கூட்டிக்கொண்டு வரும் என்று சொல்ல முடியாது. இலவசமாகவே இவ்வளவு கிடைக்கும்போது அதற்குத் தேவையும் இல்லை.

தமிழ்நாட்டு வாசகர் இங்கே ஒன்றைக் கேட்கக்கூடும்: ராக் டிரம்ஸ் சரி, நம் தோல்வாத்தியங்கள்? நம் மெல்லிசைக் குழுக்கள் சாம்பிளுக்குப் புதியவை அல்ல. ரோலண்டின் ஆக்டபேட் 1985-இல் வந்தது. அதன் வழித்தோன்றல்களான ரிதம் பேடுகள் நம் மேடைகளில் தபலா, டோலக், டிரம்ஸ் எல்லாவற்றுக்கும் பதிலாக ஒலித்துவருகின்றன. கையால் வாசிக்கும் டோலக்கைக் குச்சியால் எட்டுச் சதுரங்களில் அடித்து உயிரூட்டும் அந்தக் கலைஞர்களின் திறமை போதுமான அளவு பேசப்படவில்லை. வறண்ட ஒற்றைச் சாம்பிளைப் பேசவைக்க மணிக்கட்டு என்ன செய்யவேண்டும் என்பதை வீட்டு இசைக்காரர்கள் அவர்களிடம் நேரில் பார்த்துக் கற்கலாம்.

மிருதங்கத்தில் சிக்கல் இன்னொரு படி ஆழமானது. சி.வி. ராமன் 1920-இலும் 1934-இலும் எழுதிய ஆய்வுகளில் காட்டியதுபோல, வலந்தலையின் நடுவிலுள்ள கரணை தோலின் மேல்சுரங்களை இசைவான வரிசையில் நிறுத்துகிறது. அதனால் மிருதங்கம் சுருதியோடு பேசும் வாத்தியம். சாம்பிளைப் பாடகரின் சுருதிக்கு ஏற்றி இறக்கினால் ஒலியின் நீளமும் உடலும் மாறிவிடும். தாழ்ந்த தக்கு சுருதி மிருதங்கத்தை மேலே இழுத்தால் உயர்ந்த ஹெச்சு சுருதி மிருதங்கம் ஆகாது, இரண்டும் வேறு வேறு கட்டைகள். இடப்பக்கத் தொப்பியில் உள்ளங்கையை அழுத்தி எழுப்பும் கும்கி, ஒலித்துக்கொண்டிருக்கும் அடியையே வளைப்பது. ஓய்ந்த தோலில் ஒவ்வோர் அடியாகப் பதியும் முறையில் அதற்கு இடமே கிடையாது. வலக்கை அடி ஒன்று முந்தைய ரீங்காரத்தைத் தொட்டு அடக்குவதும் அப்படித்தான். பறைக்கோ, நெருப்பில் காய்ச்சிய தோல் நேரம் ஆக ஆகத் தளர்வதும், இரண்டு குச்சிகளின் ஒலி ஒன்றையொன்று வெட்டிக்கொள்வதும், பல பறைகள் சேர்ந்து அடிக்கும்போது எழும் திரளும் முக்கியம். தனியறையில் பதிந்த ஒரு பறையை எட்டுமுறை நகலெடுத்தால் அந்தத் திரள் வராது.

இந்த வாத்தியங்களுக்கு ஒரு நல்ல தொகுப்பு செய்ய நினைக்கிறவர்கள் மேற்கத்திய முறையை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. சுருதிக்கு ஒரு மிருதங்கமாகக் குறைந்தது மூன்று வாத்தியங்களைப் பதியவேண்டும். ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல், நம்-தின், தொம்-சாப்பு என ஜோடி ஜோடியாக, முந்தைய அடி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே விழுந்த அடிகளைப் பதிந்து, மென்பொருள் முன்னால் வந்த சொல்லைப் பார்த்து அடுத்ததைத் தேர்ந்தெடுக்கும்படி செய்யவேண்டும். கும்கியை ஒரு பெடலிலோ பேடின் அழுத்தத்திலோ கட்டவேண்டும். திஸ்ரம், கண்டம், மிஸ்ரம் என நடைவாரியாகக் கலைஞர் வாசித்த முழுச் சொற்கட்டுகளையும் கூடவே தரவேண்டும். வாசித்த வித்வானின் பெயர் உறையின் மேல் இருக்கவேண்டும். விற்பனையில் ஒரு பங்கு அவருக்குத் தொடர்ந்து போகும்படி ஒப்பந்தம் எழுதவேண்டும். இவை எல்லாம் இன்றைய தொழில்நுட்பத்துக்கு எட்டியவையே. சென்னையிலோ தஞ்சாவூரிலோ ஒரு நல்ல அறையும், பொறுமையுள்ள ஒலிப்பதிவாளர் ஒருவரும், மென்பொருள் எழுதத் தெரிந்த இரண்டு பேரும் போதும்.